அரசு நிதியில் நடந்த மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டணமின்றித் தேடிப் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்கு வந்திருக்கும் நோயைப் பற்றியோ, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைப் பற்றியோ மூல ஆய்வையே படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர், பெரும்பாலும் இதழின் இணையதளத்தில் ஒரு பத்திச் சுருக்கத்தோடு நிறுத்தப்படுகிறார். மீதியைப் படிக்க முப்பது டாலரோ அதற்கு மேலோ கேட்கிறார்கள். பலரும் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடந்திருந்தால், அதே கட்டுரை சட்டப்படியே வேறோர் இடத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு. என்.ஐ.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்புதான் உலகில் உயிர்மருத்துவ ஆய்வுக்கு மிக அதிகமாகச் செலவிடும் அரசு அமைப்பு. ஆகவே அதன் விதிமுறையைத் தெரிந்துகொள்வது, மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து படிக்கும் வாசகருக்கும் நேரடியாகப் பயன்படும். இணைய இணைப்பு மட்டும் போதும். கணக்குத் தொடங்கவும் வேண்டாம், எந்த நாட்டவர் என்று யாரும் கேட்பதும் இல்லை.

இந்த உரிமை வந்த வழி

விதிகளின் ஆண்டுகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால், எந்தக் கட்டுரை எங்கே கிடைக்கும் என்பதைத் தேடும் முன்பே ஓரளவு ஊகிக்கலாம். அதனால் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணையான பப்மெட் 1997இல் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறக்கப்பட்டது. அது அட்டவணை மட்டுமே. கட்டுரைகளின் சுருக்கத்தையும் விவரங்களையும் தரும், முழு உரையைத் தராது. 1999இல் என்.ஐ.எச். இயக்குநராக இருந்த ஹரால்ட் வார்மஸ், முழு உரைகளையே ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். பதிப்பாளர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே அத்திட்டம் சுருங்கி, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் பப்மெட் சென்ட்ரல் என்ற பெயரில் தொடங்கியது. பெயர்கள் நெருங்கியிருந்தாலும் இரண்டும் வேறு: பப்மெட் அட்டவணை, பப்மெட் சென்ட்ரல் முழு உரைகளின் களஞ்சியம். புதிதாகத் தேடுகிறவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

களஞ்சியம் இருந்தாலும் அதில் கட்டுரைகள் சேர வேண்டுமே. 2005 மே மாதத்தில் என்.ஐ.எச்., தன் நிதியைப் பெற்றவர்கள் தங்கள் கட்டுரைகளை அங்கே சேர்க்கும்படி வேண்டுகோள் விடுத்தது. வேண்டுகோளாக மட்டும் இருந்தவரை மிகச் சிலரே அதைச் செய்தார்கள். பின்னர் அமெரிக்க நாடாளுமன்றம் 2008ஆம் ஆண்டுக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து அதைக் கட்டாயமாக்கியது. 2008 ஏப்ரல் 7 முதல் இதழ்களால் ஏற்கப்பட்ட கட்டுரைகள், வெளியாகி 12 மாதங்களுக்குள் பப்மெட் சென்ட்ரலில் எல்லோரும் படிக்கும்படி வைக்கப்பட வேண்டும் என்பது விதி. 2011 இறுதியில் இந்த விதியையே செல்லாததாக்கும் மசோதா ஒன்று அங்கே கொண்டுவரப்பட்டது. ஆய்வாளர்களின் எதிர்ப்பால் பெரிய பதிப்பகம் ஒன்று தன் ஆதரவை விலக்கிக்கொள்ள, 2012 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது.

அந்தப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பு நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன். புற்றுநோயுடன் போராடுகிறவருக்கு ஓராண்டு என்பது சிறிய காலம் அல்ல. 2022 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகம், அரசு நிதியில் எழுந்த கட்டுரைகளுக்கு இந்தக் காத்திருப்பே கூடாது என்று எல்லா அமைச்சகங்களையும் பணித்தது. அதன்படி என்.ஐ.எச். வகுத்த புதிய விதி 2025 இறுதியில் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. பின்னர் அந்நாள் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டு, 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகள் யாவும் இதழில் வெளியாகும் நாளிலேயே பப்மெட் சென்ட்ரலிலும் திறந்திருக்க வேண்டும் என்று ஆயிற்று.

ஆகவே, உங்கள் கையிலுள்ள கட்டுரை 2008க்குப் பிந்தையதா, 2025 நடுப்பகுதிக்கு முந்தையதா பிந்தையதா என்று முதலில் பாருங்கள். இடைப்பட்ட காலத்துக் கட்டுரை திறப்பதற்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டு வரை ஆகலாம். 2008க்கு முந்தையதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கிடைக்கக்கூடும், எனவே தேடாமல் விட்டுவிட வேண்டாம்.

முதல் படி: எந்தக் கட்டுரை என்று உறுதி செய்துகொள்ளுதல்

நாளிதழ்ச் செய்தியோ வாட்ஸ்அப் தகவலோ "அமெரிக்க ஆய்வில் கண்டுபிடிப்பு" என்று சொல்லும்; கட்டுரையின் பெயரைச் சொல்லாது. செய்தியிலிருந்து மூன்று விவரங்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள்: இதழின் பெயர், ஆய்வாளர் ஒருவரின் பெயர், ஆய்வில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கை. மூன்றில் ஒன்றுகூட இல்லாத செய்தியைப் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஓர் உண்மைக் கட்டுரையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அந்நோய் வராமல் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் 27 மையங்களில் நடந்த 'டயபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம்' என்ற பெரும் ஆய்வின் முடிவு அது, என்.ஐ.எச். நிதியில் நடந்து, 2002 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது.

இரண்டாம் படி: பப்மெட்டில் தேடுதல்

பப்மெட்டின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். முழு வாக்கியமாகக் கேட்காமல், நோய், சிகிச்சை, வேண்டுமானால் இதழ் அல்லது ஆண்டு என்று மூன்று நான்கு சொற்களாகக் கொடுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு டயபடீஸ், லைஃப்ஸ்டைல், மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கான மாத்திரை), 2002 என்ற சொற்களே போதும். நோய்களுக்கு மக்கள் வழங்கும் பெயரும் மருத்துவப் பெயரும் வேறாக இருந்தாலும் கவலை வேண்டாம். பப்மெட் தன் மருத்துவச் சொல் அடைவைக் கொண்டு பெரும்பாலும் தானே பொருத்திக்கொள்ளும்.

முடிவுகள் வந்ததும் இடப்பக்கம் உள்ள வடிகட்டிகளைக் கவனியுங்கள். முழு உரை இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி அங்கே உண்டு. அதை உடனே அழுத்தத் தோன்றும். ஆனால் முதலில் அதைத் தொடாமல் தேடுவதே நல்லது. இலவசமாகக் கிடைப்பதே சிறந்த ஆய்வு என்று ஆகிவிடாது. முக்கியமான கட்டுரைகள் எவை என்று முதலில் பார்த்துவிட்டு, அவற்றில் எதெது திறந்திருக்கிறது என்று பிறகு பாருங்கள். கட்டுரை வகையைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டியோ மிகவும் பயனுள்ளது: பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து நடத்திய சோதனைகள், பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் முறைசார் மீளாய்வுகள் ஆகியவற்றை மட்டும் காட்டச் சொன்னால், எலிகளிலும் செல்களிலும் நடந்த சோதனைகள் பெரும்பாலும் விலகிவிடும். மருத்துவப் பின்னணி இல்லாதவர் ஒரு நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கும்போது, தனி ஆய்வைவிட முறைசார் மீளாய்வையே முதலில் எடுப்பது நலம்.

முடிவுப் பட்டியலில் சில கட்டுரைகளின் கீழ், பப்மெட் சென்ட்ரலில் இலவசம் என்ற குறிப்பு இருக்கும். கட்டுரையின் பக்கத்தைத் திறந்தால் வலப்பக்கம் முழு உரைக்கான பொத்தான்கள் தெரியும். அங்கே இதழின் பொத்தான் முதலில் நிற்கலாம். கட்டணம் கேட்கும் பக்கத்துக்குப் பலர் போய்ச் சேர்வது அதை அழுத்தித்தான். பக்கத்திலேயே பப்மெட் சென்ட்ரலின் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து அதை அழுத்துங்கள். நம் எடுத்துக்காட்டுக் கட்டுரை, சட்டம் வருவதற்கு முந்தையதாக இருந்தும், பின்னாளில் பப்மெட் சென்ட்ரலில் சேர்க்கப்பட்டு இன்று முழுமையாகக் கிடைக்கிறது.

அரசு நிதியில் நடந்த ஆய்வுதானா என்பதை அறிய, அதே பக்கத்தைக் கீழே நகர்த்தினால் நிதியுதவி விவரங்களும் மானிய எண்களும் தனிப் பகுதியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். என்.ஐ.எச். மானியம் அங்கே குறிப்பிடப்பட்டு, முழு உரைப் பொத்தான் மட்டும் இல்லையென்றால், காத்திருப்புக் காலம் முடியவில்லை, அல்லது ஆய்வாளர் இன்னும் சேர்க்கவில்லை என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: எண்களைக் குறித்துக்கொள்ளுதல்

ஒவ்வொரு கட்டுரைக்கும் பப்மெட் ஓர் எண் தருகிறது. முழு உரை களஞ்சியத்தில் சேர்ந்திருந்தால், பி.எம்.சி. என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் இன்னோர் எண்ணும் இருக்கும். டி.ஓ.ஐ. என்பது பதிப்பாளர் தரும் நிலையான அடையாளம். மருத்துவரிடமோ நண்பரிடமோ கட்டுரையைப் பகிரும்போது நீண்ட இணைப்பைவிட இந்த எண்களில் ஒன்றைக் கொடுப்பது நம்பகமானது.

நான்காம் படி: எந்தப் பிரதியைப் படிக்கிறோம் என்று அறிதல்

பப்மெட் சென்ட்ரலில் இருக்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. சில, இதழ் தானே கொடுத்த இறுதிப் பதிப்புகள். சில, ஆய்வாளர் சேர்த்த 'ஆசிரியர் பிரதி'கள். அப்படியானால் பக்கத்தின் மேற்பகுதியிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் பிரதி என்பது சக ஆய்வாளர்களின் மதிப்பீடு முடிந்து, இதழால் ஏற்கப்பட்ட உரை. இதழின் பக்க அமைப்பும் மொழிச் செம்மையும் அதில் இருக்காது. அறிவியல் உள்ளடக்கம் அதுவே. ஆகவே அதை இரண்டாந்தரமாக எண்ண வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளியான பிறகு இதழில் செய்யப்பட்ட திருத்தங்கள் ஆசிரியர் பிரதியின் உரைக்குள் வந்திராமல் போகலாம்.

முன்பதிப்புகளும் அங்கே உண்டு. இவை மதிப்பீட்டுக்கு முன்பே ஆய்வாளர்கள் வெளியிடுபவை. கொரோனா காலத்தில், 2020இல், என்.ஐ.எச். தன் நிதியில் எழுந்த முன்பதிப்புகளையும் பப்மெட் சென்ட்ரலில் சேர்க்கத் தொடங்கியது. இவற்றை வைத்து ஒரு மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ எண்ணுவது ஆபத்தானது.

பழைய இதழ்களின் பக்கங்கள் ஒளிப்பிரதியாக எடுக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டதும் இந்தக் களஞ்சியத்தின் பெருமை. உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் இதழில் 1959இல் வந்த சென்னை ஆய்வு அவ்வாறு படிக்கக் கிடைக்கிறது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் போதுமா என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு அது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தரும் என்று காட்டி, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் பங்கேற்ற அந்த ஆய்வை, இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் காசு கொடுக்காமல் படிக்க முடிகிறது. இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அங்கே கிடைக்காவிட்டால்

அடுத்துப் பார்க்க வேண்டியது யூரோப் பி.எம்.சி. பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் உள்ளிட்ட ஐரோப்பிய நிதியளிப்பாளர்களின் ஆதரவில் நடக்கும் இக்களஞ்சியம், பப்மெட் சென்ட்ரலின் கட்டுரைகளோடு வேறு பலவற்றையும் ஒரே தேடலில் காட்டுகிறது. அதன்பின், அன்பேவால் என்ற இலவச நீட்சியை உலாவியில் நிறுவிக்கொள்ளுங்கள். கட்டணம் கேட்கும் பக்கத்தில் நீங்கள் நிற்கும்போது, அதே கட்டுரை ஏதேனும் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சட்டப்படி திறந்திருந்தால், ஓரத்தில் பச்சைப் பூட்டுக் குறி தோன்றும்.

இந்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் இதைப் போன்ற கொள்கையை வெளியிட்டன. தங்கள் நிதியில் எழும் கட்டுரைகள் நிறுவனக் களஞ்சியங்களில் சேர்க்கப்பட வேண்டும் என்கிறது அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழான இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்சைக் கட்டணமின்றியே படிக்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்திருக்கிறது. ஆனால் அது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் உரியது. நோயாளியின் மகளுக்கோ, சிற்றூரில் தனியாக மருத்துவமனை நடத்தும் மருத்துவருக்கோ உரியதல்ல. மக்களின் வரிப்பணத்தில் சந்தா கட்டிவிட்டு மக்களையே வெளியே நிறுத்துவது, அமெரிக்க முறையோடு ஒப்பிடும்போது பெருங்குறை. அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் இதை அறியாமல் இருப்பதும் உண்டு. உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள்.

எதுவும் பலிக்காதபோது ஆய்வாளருக்கே மின்னஞ்சல் எழுதலாம். தொடர்புக்குரிய ஆசிரியரின் முகவரி, சுருக்கம் இருக்கும் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். கட்டுரையின் தலைப்பு, நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான்கு வரி போதும். தம் கட்டுரையைப் படிக்க விரும்புகிறவருக்கு ஒரு பிரதி அனுப்புவது ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம்.

ஆறாம் படி: கட்டுரை இன்னும் செல்லுமா என்று பார்த்தல்

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் களஞ்சியத்திலிருந்து நீக்கப்படுவதில்லை. எச்சரிக்கைக் குறிப்போடு அங்கேயே இருக்கும். ஆனால் நண்பர் அனுப்பிய பி.டி.எஃப். கோப்பில் அந்த எச்சரிக்கை இராது. 2020 மே மாதம் லான்செட் இதழில், கொரோனா நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மருந்தைப் பற்றி வந்த கட்டுரை, தரவுகளைச் சரிபார்க்க முடியாத நிலையில் இரண்டே வாரத்தில், ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. எனவே கோப்பு எங்கிருந்து வந்தாலும், தலைப்பை ஒருமுறை பப்மெட்டில் இட்டு, மேலே திரும்பப் பெறல் அறிவிப்போ திருத்தமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: முழு உரையைப் படித்தல்

இவ்வளவு தேடி எடுத்த பிறகும் சுருக்கத்தை மட்டும் படித்து நிறுத்தினால் தேடியதில் பயனில்லை. நம் எடுத்துக்காட்டே அதை நன்றாகக் காட்டும்.

சுருக்கம் சொல்வது இது: 3,234 பேர், சராசரி வயது 51, மூன்று குழுக்கள். ஒன்றுக்கு வெற்று மாத்திரை, ஒன்றுக்கு நாளொன்றுக்கு இருமுறை 850 மில்லிகிராம் மெட்ஃபார்மின், ஒன்றுக்கு எடையில் 7 விழுக்காடு குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்ட வாழ்க்கைமுறை மாற்றம். சராசரியாக 2.8 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வெற்று மாத்திரையோடு ஒப்பிட, வாழ்க்கைமுறை மாற்றம் சர்க்கரை நோயை 58 விழுக்காடும், மெட்ஃபார்மின் 31 விழுக்காடும் குறைத்தன. செய்தித்தாள்களுக்கு 58 என்ற எண் போதும், உங்களுக்குப் போதாது. நூறு பேரை ஓராண்டு கவனித்தால் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று பாருங்கள்: வெற்று மாத்திரைக் குழுவில் 11 பேர், மெட்ஃபார்மின் குழுவில் 7.8, வாழ்க்கைமுறைக் குழுவில் 4.8. பயன் உண்மையிலேயே பெரியது. ஆனால் அதன் உருவம் விழுக்காட்டைவிட இந்த எண்களில்தான் தெளிவாகத் தெரிகிறது. எந்தக் கட்டுரையிலும் ஒப்பீட்டு விழுக்காட்டோடு நிற்காமல், இந்த நேரடி எண்ணிக்கையைத் தேடி எடுங்கள்.

இனி முழு உரை. செய்முறைப் பகுதியில், வாழ்க்கைமுறைக் குழுவினர் ஒவ்வொருவருக்கும் முதல் 24 வாரங்களில் 16 பாடங்களை ஒரு வழிகாட்டி நேருக்கு நேர் கற்றுக்கொடுத்தார் என்று இருக்கிறது. "நடங்கள், இனிப்பைக் குறையுங்கள்" என்று மருத்துவர் ஒரு வரியில் சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பது அப்போதுதான் புரியும். தொடக்கத்தில் டிரோகிளிடசோன் என்ற மருந்துக்கு நான்காவது குழுவும் இருந்து, கல்லீரலைப் பாதித்ததால் 1998இல் நிறுத்தப்பட்டது என்பதும் சுருக்கத்தில் இல்லாத செய்தி. பங்கேற்பாளர்களின் உடல் நிறை குறியீட்டெண், அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், சராசரியாக 34. நம்மில் பலருக்கு அவ்வளவு இராது. குறியீட்டெண் குறைவாக இருந்தவர்களிடம் மெட்ஃபார்மினின் பலனும் குறைவாக இருந்தது என்பதை முடிவுகள் பகுதி சொல்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த ஒரு வரி அந்தச் சுருக்கம் முழுவதையும்விட முக்கியமானது.

அப்படியானால் நம் மக்களிடம் என்ன நடக்கும் என்ற கேள்வி எழ வேண்டும். பப்மெட் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஒத்த கட்டுரைகளும், இதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளும் பட்டியலிடப்பட்டிருக்கும். அதைப் பின்தொடர்ந்தால், சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 531 பேரிடம் நடத்தி 2006இல் டயபெட்டோலோஜியா இதழில் வெளியிட்ட ஆய்வுக்குப் போய்ச் சேரலாம். அங்கே வாழ்க்கைமுறை மாற்றத்தால் கிடைத்த குறைவு 28.5 விழுக்காடு, குறைந்த அளவு மெட்ஃபார்மினால் 26.4. ஒப்பீட்டுக் குழுவில் மூன்றாண்டுக்குள் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அமெரிக்க எண்ணை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படிக்கும் வரிசையைப் பற்றி ஒரு சொல். சுருக்கத்துக்குப் பின் நேராகச் செய்முறைக்குச் செல்லுங்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்பதைப் பாருங்கள். பிறகு அட்டவணைகள், முதலாவதாகப் பங்கேற்பாளர் விவர அட்டவணை. பக்க விளைவுகளைத் தவறாமல் படியுங்கள். விவாதப் பகுதி ஆய்வாளர்களின் கருத்து. அதைக் கடைசியில் படித்தால் உங்கள் தீர்ப்பு அவர்களுடைய சொற்களால் முன்கூட்டியே சாயாது. நிதியுதவியும் நலன் முரண் அறிக்கையும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. அரசு நிதியில் நடந்த ஆய்விலும் மருந்து நிறுவனங்கள் மருந்தைக் கொடையாக வழங்கியிருக்கலாம். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால், எண்களையும் 'இல்லை' என்று முடியும் வாக்கியங்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை நடத்தப்படும் முன்பே எதை அளக்கப்போகிறோம் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்த விவரம் கிளினிக்கல்டிரையல்ஸ் என்ற அமெரிக்க அரசுப் பதிவேட்டில் இருக்கும். கட்டுரையில் என்.சி.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் எட்டு இலக்க எண்ணை அங்கே இட்டால், சொன்னதையே அளந்தார்களா, இடையில் மாற்றினார்களா என்று தெரிந்துவிடும். கட்டுரையாகவே வெளிவராத சோதனைகளின் முடிவுகளும் சில வேளைகளில் அங்கே கிடைக்கும்.

எட்டாம் படி: தமிழில் தர விரும்பினால்

படிக்கும் உரிமையும் மறுபதிப்பு உரிமையும் ஒன்றல்ல. பப்மெட் சென்ட்ரலில் திறந்திருக்கும் கட்டுரைகளில் பலவற்றுக்குப் பதிப்புரிமை நீடிக்கிறது. ஆசிரியர் பிரதியையும் அனுமதியின்றி முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட முடியாது. ஆனால் கட்டுரையில் உள்ள தகவலை உங்கள் சொற்களில், மூலத்தைக் குறிப்பிட்டு எழுதத் தடையேதும் இல்லை. முழு மொழிபெயர்ப்பே வேண்டுமென்றால், கட்டுரையின் பதிப்புரிமைக் குறிப்பில், மறுபயன்பாட்டுக்கு முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகை உரிமம் மொழிபெயர்ப்பையும் அனுமதிக்கிறது. மூலத்தை மாற்றியமைத்து வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையுள்ள வகை அனுமதிப்பதில்லை. வணிகப் பயன் கூடாது என்ற வகையில், விற்பனைக்குரிய நூலில் அதைச் சேர்க்க முடியாது. என்.ஐ.எச். ஊழியர்களே தம் பணியின் பகுதியாக எழுதியவற்றுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமையே கிடையாது. உரிமம் எதுவென்று தெளிவாகாதபோது, பதிப்பாளரின் அனுமதிப் பிரிவுக்கு எழுதி, எழுத்தில் பதில் பெற்ற பிறகே வெளியிடுங்கள்.